மகுடம் யாருக்கு? மரணம் யாருக்கு?

"மோட்டார்ப் பந்தயமா? சீமான் வீட்டுச் செல்வர்கள் பொழுது போகாமல் ஆடும் ஆட்டமாயிற்றே! பாட்டாளி படிக்கும் ஏட்டில் அதற்கென்ன வேலை?" என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும், கேள்வி நியாயமானதே. விடையைப் பின்னர்க் கூறுகிறோம். அதற்கு முன்னர், நம்மோடு ஒரு மலைப்பாதைக்கு வருமாறு அழைக்கிறோம்.

பிரெஞ்சு நாட்டின் தென்கிழக்கு மூலையில், ஆல்ப்ஸ் மலைத்தொடர் கடலை நோக்கி இறங்கி வருகிற இடத்தில், துரினி என்றொரு கணவாய் உண்டு. உயரம் 1607 மீட்டர். ஒரு பக்கம் பாறைச் சுவர். மறு பக்கம் பள்ளம். இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய தார்ச்சாலை. கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். வெயில் பட்ட பக்கம் தார் காய்ந்து கிடக்கும். ஒரு வளைவு திரும்பினால், நிழல் விழுந்த பக்கத்தில் பனி உறைந்து கண்ணாடியாய்ப் பளபளக்கும். அந்தச் சாலையில், சனவரி மாதத்து நள்ளிரவில், விளக்கு வெளிச்சத்தை மட்டும் நம்பி, ஊர்திகள் பறக்கும். அதுதான் மான்டி கார்லோ ராலி. மலையூரான் சந்தைக்குப் போகவும், பிள்ளை பள்ளிக்குப் போகவும் இருக்கிற சாலைதான் அது. பந்தய நேரத்தில் மட்டும் மறித்து மூடப்படுகிறது.

ராலி என்பது வட்டத் திடலைச் சுற்றிச் சுற்றி ஓடும் பந்தயம் அன்று. ஒவ்வொரு வண்டியும் தனித்தனியே, இடைவெளி விட்டு அனுப்பப்படும். எதிரி பக்கத்தில் இல்லை, கடிகாரம்தான் எதிரி. வண்டிக்குள் இருவர். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கையில் ஏடு வைத்துக்கொண்டு, அடுத்த வளைவு இடமா வலமா, அகன்றதா குறுகியதா, வேகம் குறைப்பதா கூட்டுவதா என்று படித்துக்கொண்டே வருவார். அந்தக் குறிப்பை முன்கூட்டியே சாலையைச் சுற்றி வந்து இருவரும் எழுதி வைத்திருப்பர். வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியாது. படிப்பவரின் குரலை நம்பியே அவர் பாய்கிறார். ஒரு சொல் தவறினால் இரண்டு உயிர். ஆனால் மறுநாள் செய்தித்தாளில் கொட்டை எழுத்தில் வருவது ஓட்டியவரின் பெயர். படித்தவரின் பெயர் அடியில், பொடி எழுத்தில்! தொழிற்கூடத்தில் வேலை செய்யும் தோழருக்கு இது புதிதாக இராது.

மண் சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டே போகும். ஓட்டுபவர் அந்த வழுக்கலையே துணையாகக் கொள்வார். தார்ச்சாலை அப்படியன்று. சக்கரத்துக்குப் பிடிப்பு மிகுதி. பிடிப்பு மிகுந்ததால் வேகமும் மிகுதி. ஆனால், பிடிப்பு விட்டுப்போன அந்தக் கணத்தில் மன்னிப்பு என்பதே கிடையாது. முன்னே சென்ற வண்டி ஓரத்து மண்ணைச் சாலையில் வாரி இறைத்துவிட்டுப் போயிருந்தாலும் போதும், பின்னே வருகிறவர் தடுமாற. தார்ச்சாலை ராலியின் கவர்ச்சியும் அதுவே. காலன் காத்திருப்பதும் அங்கேயே.

எப்படித் தோன்றிற்று இந்தப் பந்தயம்? 1903-ஆம் ஆண்டு, பாரிசிலிருந்து மாட்ரிட் வரை ஒரு பெரும் பந்தயம் நடத்தப்பட்டது. திறந்த சாலை, தூசிப் படலம், ஓரத்திலே கட்டுக்கடங்காத கூட்டம். பார்வையாளரும் மாண்டனர், ஓட்டியவரும் மாண்டனர். ரெனோ மோட்டார்க் கம்பெனியைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோவும் உயிரிழந்தார். போர்தோ நகரத்தோடு பந்தயத்தை நிறுத்தும்படி அரசு ஆணையிட்டது. இன்ஜினை முடுக்கக்கூடாது என்று உத்தரவாகி, பந்தய வண்டிகளைக் குதிரை கட்டி ரயிலடிக்கு இழுத்துச் சென்றதாக வரலாறு கூறுகிறது. ஊர்விட்டு ஊர் பாயும் பந்தயங்களின் காலம் அத்தோடு மங்கியது. விதி வந்தது. ஆனால் எப்போது வந்தது? பிணம் விழுந்த பிறகு!

எட்டாண்டுகள் சென்று, 1911-ல், மொனாக்கோ நாட்டு இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆதரவில் முதல் மான்டி கார்லோ ராலி நடந்தது. ஐரோப்பாவின் பல நகரங்களிலிருந்து புறப்பட்டு மொனாக்கோ வந்து சேரவேண்டும். கலந்துகொண்டவை 23 வண்டிகள். குளிர்காலத்தில் செல்வச் சீமான்களைத் தம் கடற்கரைக்கு இழுத்துவர அரண்மனை கண்ட வழி அது. யாருக்கு வெற்றி? வேகமாக வந்தவருக்கு மட்டுமன்று. வண்டியின் அழகுக்கு மதிப்பெண். அமர்ந்து வந்தவர்களின் சொகுசுக்கு மதிப்பெண். வந்து சேர்ந்தபோது வண்டி எந்த நிலையில் இருந்தது என்பதற்கும் மதிப்பெண்! ஆன்றி ரூழியே என்பவர் வென்றதாக அறிவிக்கப்பட்டது. மற்றவர்கள் முணுமுணுத்தனர்; சண்டையும் மூண்டது. பனியிலும் சேற்றிலும் பாடுபட்டு வந்தவனைப் பார்த்து, "உன் மெத்தை எவ்வளவு மெத்தென்று இருக்கிறது?" என்று கேட்கும் நீதியை, சீமான்களின் நீதி என்னாமல் வேறென்னென்போம்?

ஆயினும், சீமான்கள் தொடங்கிய ஆட்டம் சீமான்களின் கையிலேயே நின்றுவிடவில்லை. அதற்குச் சான்று கோர்சிகா. நெப்போலியன் பிறந்த அந்தத் தீவு, கடலிலிருந்து எழுந்து நிற்கும் மலை. நேர்ச்சாலை என்பது அங்கே அரிது. 1956-ல் அந்தத் தீவைச் சுற்றும் ராலி தொடங்கப்பட்டது. 'பத்தாயிரம் வளைவுகளின் ராலி' என்று பெயர் பெற்றது. அந்த முதற் பந்தயத்தில் வென்ற வீரர் யார் தெரியுமா? வீரர் அல்லர், வீராங்கனை! பெல்ஜியம் நாட்டு கில்பெர்த் திரியோன். துணை ஓட்டுநரும் பெண்மணியே. ஓட்டியதோ ரெனோ டோஃபின் என்னும் சிறு கார். "பெண்ணுக்கு இதெல்லாம் வருமா?" என்று பேசித் திரிவோர், மலைச்சாலையின் முதல் ஏட்டைப் புரட்டிப் பார்க்கட்டும்.

பெரிய வண்டியே வெல்லும் என்ற எண்ணத்தையும் மலை உடைத்தது. 1956-ல் சூயஸ் நெருக்கடி வந்து, பிரிட்டனில் பெட்ரோல் தட்டுப்பாடு ஏற்பட்டது. சிக்கனமாக ஓடும் சிறு கார் வேண்டும் என்று எண்ணி, அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தது மினி, 1959-ல் வெளிவந்தது. நால்வர் நெருங்கி உட்காரும் எளிய வண்டி. அந்த மினி 1964-ல் மான்டி கார்லோ வந்தது. பேடி ஹாப்கர்க் ஓட்டினார். எதிரே நின்றதோ 8 சிலிண்டர் கொண்ட அமெரிக்க ஃபோர்டு ஃபால்கன். இன்ஜினின் அளவுக்குத் தக்கபடி கணக்குப் பார்க்கும் முறை அன்று இருந்தது. அது மினிக்குத் துணை செய்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வளைவிலே சிறு வண்டி திரும்பிய விரைவை எந்தக் கணக்கும் கொடுக்கவில்லை. மினி வென்றது. 1965-ல் டிமோ மேகினென் ஓட்டி மீண்டும் வென்றது.

1966-ல் என்ன ஆயிற்று? முதல் மூன்று இடமும் மினிக்கே! மேகினென், ஆல்டொனென், ஹாப்கர்க் என மூவரும் வரிசையாக வந்து நின்றனர். அரண்மனை வாயிலில் வெற்றி முழங்கியிருக்க வேண்டும். முழங்கவில்லை. அதிகாரிகள் வண்டிகளைத் துருவித் துருவிப் பார்த்தனர். முடிவில், முன்விளக்கின் பல்பு விதிக்கு மாறானது என்றனர்! வெளிச்சத்தைத் தாழ்த்தும் ஏற்பாடு முறைப்படி இல்லையாம். மூன்று மினிகளும் நீக்கப்பட்டன. நான்காவதாக வந்த ஃபோர்டும் நீக்கப்பட்டது. பிரெஞ்சு நாட்டுச் சித்ரோயன் காரை ஓட்டிவந்த பௌலி டொய்வோனென் வென்றதாக அறிவித்தார்கள். அவர் பின்லாந்து நாட்டவர், நேர்மையாளர். தாம் வெல்லாத மகுடத்தைத் தலையில் வைத்தபோது அவர் முகம் மலரவில்லை. பிறகு அந்தக் கம்பெனிக்காக அவர் வண்டி ஓட்டவில்லை என்பர். அடுத்த ஆண்டே, 1967-ல், ஆல்டொனென் மினியோடு வந்து வென்று காட்டினார்.

டொய்வோனென் என்ற அந்தப் பெயரைத் தோழர்கள் மனத்தில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இருபதாண்டு கழித்து அதே பெயர் மீண்டும் வரும்.

1973-ல் இந்தப் பந்தயங்களைக் கோத்து உலகப் போட்டி அமைக்கப்பட்டது. முதல் பந்தயமே மான்டி கார்லோதான். தியெப் நகரத்துப் பட்டறையிலிருந்து வந்த, கண்ணாடியிழை உடல் கொண்ட, ஆல்பைன் என்னும் தாழ்ந்த சிறு கார் அதில் வென்றது. அவ்வாண்டின் உலக மகுடத்தையும் கொண்டது. மகுடம் யாருக்கு என்பதைக் கவனியுங்கள். வண்டி செய்த கம்பெனிக்கு! ஓட்டியவருக்கு உலக வெற்றியாளர் என்ற பட்டம் வந்தது எப்போது? 1979-ல்! ஆறாண்டு காலம், உயிரைப் பணயம் வைத்தவனுக்குப் பட்டமில்லை. தொழிற்சாலைப் பெயர்ப்பலகைக்குப் பட்டம். தற்செயல் என்பார்கள். தற்செயல் எப்போதும் முதலாளியின் பக்கமே சாய்வது ஏன் என்று நாம் கேட்கிறோம்.

கம்பெனிகளின் போட்டி முற்றியது. 1982-ல் 'பி பிரிவு' என்றொரு விதி வந்தது. அதுவரை நானூறு வண்டி செய்தால்தான் பந்தயத்தில் இறக்கலாம் என்றிருந்த பிரிவிலே, 200 செய்தாற் போதும் என்றார்கள். போதுமே! சாலைக்கென்று செய்யாமல், பந்தயத்துக்கென்றே செய்து குவித்தனர். ஆண்டுக்கு ஆண்டு திறன் ஏறிற்று, எடை இறங்கிற்று. லான்சியா டெல்டா எஸ் 4 என்ற கார் ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. ஏறத்தாழ 500 குதிரைத்திறன். சாலை மட்டும் மாறவில்லை. அதே ஒடுங்கிய மலைச்சாலை, அதே பள்ளம், அதே மரம்.

1985-ஆம் ஆண்டு மே 2. கோர்சிகா. இத்தாலி நாட்டு அத்திலியோ பெத்தேகா ஓட்டிய லான்சியா சாலையை விட்டு விலகி மரத்தில் மோதிற்று. பெத்தேகா மாண்டார். விதி மாறிற்றா? இல்லை. வேகம் குறைந்ததா? இல்லை. அடுத்த ஆண்டு வண்டிகள் இன்னும் பலம் பெற்று வந்தன.

1986 சனவரி. மான்டி கார்லோ. வென்றவர் ஆன்றி டொய்வோனென். ஆம், அந்தப் பௌலியின் மகன்! தந்தைக்கு வேண்டா வெறுப்பாய் வந்து சேர்ந்த மகுடத்தை, மகன் இருபதாண்டு கழித்து, எவரும் குறை சொல்ல முடியாதபடி வென்றெடுத்தார். வீட்டுக் கணக்குத் தீர்ந்தது. நாட்டுக் கணக்குத் தீரவில்லை.

அவ்வாண்டு மார்ச்சு 5. போர்ச்சுகல் நாட்டில், சின்ட்ரா மலையின் தார்ச்சாலை. இரு மருங்கிலும் அல்ல, சாலையின் நடுவிலேயே கூட்டம்! வண்டி வரும்போது விலகுவதே வீரம் என்று எண்ணிய கூட்டம். ஒரு வண்டி கட்டுமீறிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. மூவர் மாண்டனர், முப்பதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர்.

அன்று மாலை நடந்ததைத்தான் நம் தோழர்கள் அறியவேண்டும். பெரிய கம்பெனிகளுக்காக ஓட்டிய ஓட்டுநர்கள் ஒன்றுகூடினார்கள். ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள், வெவ்வேறு கொடிகள், வெவ்வேறு சம்பளங்கள். ஆயினும் ஒன்றுகூடினார்கள். மாண்டோர் குடும்பத்துக்கு மரியாதையாகவும், பார்வையாளரின் பாதுகாப்புக்கு உறுதியில்லை என்பதாலும், இனி இந்தப் பந்தயத்தில் ஓட்டமாட்டோம் என்று அறிக்கை விடுத்து விலகினார்கள். ஆன்றி டொய்வோனெனும் அவர்களுள் ஒருவர். இதற்குப் பெயர் என்ன? நம் அகராதியில் வேலைநிறுத்தம்! கூலி உயர்வுக்காக அன்று; உயிர்க் காப்புக்காக. பந்தயம் நின்றதா என்றால், நிற்கவில்லை. எஞ்சியவர்களைக் கொண்டு நடத்தி முடித்தார்கள். உள்ளூர் ஓட்டுநர் ஒருவர் வென்றார். மேலிடத்துக்கு அந்த அறிக்கையின் பொருள் உடனே விளங்கவில்லை.

விளங்குவதற்கு இன்னும் 58 நாள் ஆயிற்று.

1986 மே 2. மீண்டும் கோர்சிகா. பந்தய ஓட்டம் மட்டுமே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். முன்னணியில் இருந்தவர் ஆன்றி டொய்வோனென். காய்ச்சல் கண்ட உடம்போடு ஓட்டினார் என்கிறார்கள். கோர்த்தே ஊருக்கு அப்பால், இடப்பக்கம் திரும்பும் ஒரு வளைவில், தடுப்புச் சுவர் இல்லாத இடத்தில், அவருடைய டெல்டா எஸ் 4 சாலையை விட்டுப் பள்ளத்தில் பாய்ந்து தீப்பற்றியது. அருகிலிருந்து கண்டவர் எவருமில்லை. புகை எழுந்ததைக் கண்டு ஓடியபோது எஞ்சியிருந்தது கருகிய இரும்புக்கூடு. ஆன்றிக்கு வயது 29. உடன் மாண்டார் துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோ. வளைவுகளைப் படித்துக்கொண்டே வந்த குரல், அந்த வளைவோடு அடங்கிற்று.

அதே நாள்; அதே தீவு; சென்ற ஆண்டு பெத்தேகாவின் வண்டிக்கு இருந்த அதே 4 என்ற எண். போதாதா சோதிடப் புலிகளுக்கு? "நாள் சரியில்லை, எண் சரியில்லை" என்று கதை கட்டினோர் உண்டு. பகுத்தறிவு படைத்தோர் கேட்கவேண்டிய கேள்வி வேறு. எண்ணா கொன்றது? 500 குதிரைத்திறனை ஒடுங்கிய சாலையில் அனுமதித்த விதி கொன்றது. நாளா கொன்றது? நாளெல்லாம் ஓட்டச் சொன்ன ஏற்பாடு கொன்றது. மனிதன் செய்த பிழையைக் கிரகத்தின் தலையில் ஏற்றுவதால் யாருக்கு இலாபம்? பிழை செய்தவனுக்கே இலாபம்!

உடனே விழித்துக்கொண்டது மேலிடம். பந்தயங்களை ஆண்ட அமைப்பின் தலைவர் ழான் மாரி பலெஸ்த்ரு, 1987 முதல் பி பிரிவு வண்டிகளுக்கு இடமில்லை என்று அறிவித்தார். மார்ச்சில் வாழ்ந்தவர்கள் வாயால் சொன்னது ஏறவில்லை. மே மாதத்தில் மாண்டவர்கள் சொன்னது ஏறிற்று.

நேர்மையாகச் சொல்லவேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். அதன்பின் திருத்தங்கள் வந்தன. வண்டிகளின் திறனுக்கு வரம்பு வந்தது. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டம் படிப்படியாகக் குறைந்து, இக்காலத்தில் 300 கிலோமீட்டர் அளவில் நிற்கிறது. தினம் எட்டு மணி நேர வேலை என்று போராடிப் பெற்றவர்களுக்கு இதன் அருமை புரியும். பார்வையாளரை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை ஏற்றவர்களில் முதன்மையானவர், கிராஸ் நகரத்து மிஷெல் மூத்தோன். 1981-ல் இத்தாலியின் சான்ரெமோ ராலியில் வென்று, உலக ராலிப் போட்டியில் வென்ற முதற் பெண் என்ற பெயர் எடுத்தவர் அவர். சக்கரம் பிடித்த கை பாதுகாப்பு விதியையும் பிடித்தது. ஆபத்தை அனுபவித்தவரிடம் அதிகாரத்தைக் கொடுத்தால் நன்மை விளையும் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

சீமான்களின் ஆட்டம் என்றோமே, அதுவும் இன்று முழு உண்மையன்று. ஒன்பது முறை உலக மகுடம் சூடிய செபாஸ்தியன் லோப், மின்சாரத் தொழிலாளியாய் இருந்தவர். 2022-ல் மான்டி கார்லோவில் அவர் வென்றபோது அருகில் அமர்ந்து ஏடு படித்தவர் இசபெல் கல்மீஷ், பள்ளிக்கூடத்துக் கணக்கு ஆசிரியை. 1911-ல் மெத்தைக்கு மதிப்பெண் போட்ட ஊரில், மின்கம்பி பிடித்த கையும் சாக்குக்கட்டி பிடித்த கையும் சேர்ந்து மகுடத்தை எடுத்தன. மகிழ்கிறோம்.

ஆனால் கணக்கு முடிந்துவிடவில்லை. 2017 மான்டி கார்லோவின் முதல் ஓட்டத்திலேயே, பனியில் வழுக்கிய வண்டியால் பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். 2023 ஏப்ரலில், குரோவேஷியாவின் தார்ச்சாலை ராலிக்காக வண்டியைச் சோதித்துக்கொண்டிருந்த அயர்லாந்து நாட்டு கிரேக் பிரீன் உயிரிழந்தார். மலை தன் விலையைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

பந்தயம் கூடாது என்பதன்று நம் வாதம். மனிதன் மலையை வெல்ல விரும்புவான், வேகத்தை விரும்புவான், அது இளமையின் இயல்பு. நாம் சொல்வது ஒன்றே. ஆபத்து யாருடைய தோளிலோ, விதி செய்யும் உரிமையும் அவருக்கு இருக்கவேண்டும். 1986 மார்ச்சில் ஓட்டுநர்களின் சொல்லுக்கு மதிப்பளித்து, அந்த வண்டிகளை அன்றே நிறுத்தியிருந்தால், மே மாதத்தில் இரண்டு பாடைகள் புறப்பட்டிரா.

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை இதுதான். மின்னும் மகுடத்தைப் பார்க்காதே. அதைத் தாங்கும் கழுத்தைப் பார். பட்டறையில் எந்திரத்தின் வேகத்தைக் கூட்டச் சொல்பவர் யார், அதன் பல்சக்கரத்தருகே நிற்பவர் யார்? விரல் போன பிறகு தடுப்புத் தகடு பொருத்தும் நிருவாகத்துக்கும், பிணம் விழுந்த பிறகு விதி எழுதும் மேலிடத்துக்கும் என்ன வேற்றுமை? "இது பாதுகாப்பில்லை" என்று ஒரு தொழிலாளி சொல்லும்போது, அவன் சோம்பேறி அல்லன். அவன்தான் வளைவுக்கு அப்பாலுள்ளதைப் படித்துச் சொல்பவன். அவன் குரலைக் கேட்காத வண்டி போய்ச் சேருமிடம் பள்ளம்.

கோர்சிகாவின் அந்த வளைவில் இன்று ஒரு நினைவுக்கல் நிற்கிறது. அதைக் காணும்போது, வீரம் என்று மட்டும் எண்ணிப் பெருமூச்சு விட்டுப் போவோர் போகட்டும். நாம் அதில் ஓர் எச்சரிக்கையைப் படிக்கிறோம்: உயிரோடு இருப்பவன் பேசும்போதே கேளுங்கள்!